மன்னிப்புக் கடிதமும் விளக்கக் கடிதமும்: ஒரு வாசிப்பறையில் நடந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில், ஒரே பருவத்துக்குள் நடந்து முடிந்த நிகழ்வு இது. கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். இரண்டு மாணவிகளை மட்டும் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவரைக் கடற்கரை மாணவி என்றும் மற்றவரை மலையோர மாணவி என்றும் குறிப்பிடுகிறேன். நான் அப்போது அங்கே அரசியல் சிந்தனைத் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். ஒதுங்கி நின்று பார்த்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. இதில் இரண்டு இடங்களில் நான் எடுத்த முடிவு பிசகியது. எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

பின்னணி

இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வழக்கமாக நான் கொடுக்கும் அசைன்மென்ட் ஒன்று உண்டு: சாக்ரடீஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் நீதியைத் தேடிய வழிகளை ஒப்பிடுக. படிக்க வேண்டியவை மூன்று. பிளேட்டோவின் ‘அப்பாலஜி’, ‘கிரீட்டோ’ என்ற இரண்டு உரையாடல்கள், அப்புறம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கைதாகி, 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம்.

பிள்ளைகள் இதைத் தாளின் நடுவில் கோடு கிழித்து எழுதுவார்கள். இடப்பக்கம் ‘சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தார்’, வலப்பக்கம் ‘சட்டத்தை மீறினார்’. இடப்பக்கம் ‘தனி மனிதர்’, வலப்பக்கம் ‘மக்கள் இயக்கம்’. இடப்பக்கம் ‘கேள்வி’, வலப்பக்கம் ‘போராட்டம்’. பார்க்க அழகாக இருக்கும். நானும் பல ஆண்டுகள் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டுதான் கோட்டைக் கிழிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏனென்றால் அந்தக் கோடு நிற்காது. மரண தண்டனை விதித்த பிறகும் சிறையிலிருந்து தப்ப மறுத்ததால் சாக்ரடீஸ் கீழ்ப்படிந்தவர் என்று எழுதுகிறோம். ஆனால் கி.மு. 404-ல் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர், சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொல்லி ஐந்து பேருக்கு உத்தரவிட்டபோது, நான்கு பேர் போனார்கள், ஐந்தாமவரான சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால் கி.மு. 406-ல் ஆர்கினூசே கடற்போருக்குப் பிறகு, தளபதிகளை ஒன்றாக நிறுத்தி ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கக் கூட்டம் துடித்தது. அது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லி அவர் எதிர்த்து நின்றார். வழக்கு விசாரணையிலேயே, தத்துவம் பேசுவதை விட்டுவிடுகிறேன் என்றால் விடுதலை என்று சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார். இவரா கீழ்ப்படிந்தவர்?

வலப்பக்கமும் அப்படித்தான். கிங் சட்டத்தை மீறினார், சரி. ஆனால் அநீதியான சட்டத்தை மீறுகிறவர் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனதோடு மீற வேண்டும் என்றும், அதுவே சட்டத்துக்குத் தரும் மிக உயர்ந்த மரியாதை என்றும் அந்தக் கடிதத்தில் எழுதுகிறார். சாக்ரடீஸை அதே கடிதத்தில் மூன்று இடங்களில் துணைக்கு அழைக்கிறார். மனதில் ஓர் இறுக்கத்தை உண்டாக்கி மனிதர்களைப் பொய்ம்மைகளிலிருந்து மீட்க சாக்ரடீஸ் முயன்றதுபோல, சமூகத்தில் ஓர் இறுக்கத்தை உண்டாக்கும் ஆட்கள் வேண்டும் என்பது அதில் ஓர் இடம். அதாவது கிங்கின் கண்ணில் சாக்ரடீஸ் இடப்பக்கத்து ஆள் அல்ல.

வகுப்பு தூங்காமலிருக்க நான் சேர்க்கும் ஒரு செய்தியும் உண்டு. 1959-ல் இந்தியா வந்த கிங், மனைவி கொரெட்டாவுடன் கன்னியாகுமரிக்கும் வந்தார். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்ததை ஊருக்குத் திரும்பியபின் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நடுவே, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சி. அப்புறம் யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று கிங் ஒப்புக்கொண்டார். நம் ஊர்ப் பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் இடத்தில் நடந்தது இது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கவனித்தது

ஜூலை இரண்டாம் வாரம். பாதிப் பேர் அசைன்மென்டுக்காக நூலக வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். நாலரை மணிக்கு அட்டெண்டர் அக்கா வந்து மேசையைத் தட்டினார். மாணவிகள் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாணவர்கள் அசையவில்லை. அவர்களுக்கு ஆறரை மணி வரை அறை திறந்திருக்கும்.

எனக்கு இது புதிதல்ல. அந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்று தோன்றியதே இல்லை. அடுத்த வகுப்பில் கடற்கரை மாணவி எழுந்து கேட்டாள்: “சாரே, இந்த நாலரை மணி எந்த ரூல்ல இருக்கு?”

தெரியவில்லை என்று சொன்னேன். கையேட்டைப் புரட்டினோம். அதில் இல்லை. நூலகச் சுவரில் மாட்டியிருந்த விதிகளில், சத்தம் போடக் கூடாது, பக்கத்தை மடிக்கக் கூடாது என்று பதினோரு வரிகள் இருந்தன. பெண்கள் நாலரைக்குப் போக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

‘கிரீட்டோ’வில் ஏதென்ஸின் சட்டங்களே ஆள் வடிவில் வந்து சாக்ரடீஸிடம் பேசும். உன்னைப் பெற்று வளர்த்தோம், பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போயிருக்கலாம், எங்களை ஒத்துக்கொள்ளச் செய், முடியாவிட்டால் கீழ்ப்படி என்று வாதாடும். எழுதப்படாத விதி எப்படிப் பேசும்? அதற்கு வாய் இல்லை, மேசையைத் தட்டும் கை மட்டும் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அந்தக் கை யாருடையது என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும்.

முதல் முடிவு: கேட்டுப் பார்ப்பது

நான் சொன்ன யோசனை இது. சண்டை வேண்டாம், சாக்ரடீஸ் மாதிரி போய்க் கேளுங்கள். தெரிந்துகொள்ள வந்தவர்களாக மட்டும் கேளுங்கள்.

நான்கு மாணவிகள் போனார்கள். நூலகர், இது அலுவலக ஏற்பாடு என்றார். அலுவலகத்தில், பெண்களுக்குப் பஸ் பிரச்சினை, பெற்றோர் விருப்பமும் அதுதான் என்றார்கள். அந்த வார இறுதியில் அவர்கள் தத்தம் வீட்டிலும், தெரிந்த தோழிகள் வீட்டிலும் கேட்டார்கள். நாங்கள் சொல்லவில்லை, காலேஜில்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம் என்பதுதான் பெரும்பாலும் வந்த பதில். திரும்ப நூலகரிடம் போனார்கள். அவர் பாவம், நான் வருவதற்கு முன்னாலிருந்தே இப்படித்தான் என்றார்.

இது சாக்ரடீஸ் கண்டதேதான். அரசியல்வாதி, கவிஞர், கைவினைஞர் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, தெரியும் என்று சொல்கிறவருக்கும் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பரிசு பகை. எங்களுக்கும் கிடைத்தது. பத்தே நாளில் ஆசிரியர் அறையில், உங்கள் கிளாஸ் பிள்ளைகள் ரொம்பக் கேள்வி கேட்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். கல்லூரியில் அது குற்றச்சாட்டாகச் சொல்லப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வியால் ஒன்று கிடைத்தது: விதிக்கு உரிமையாளர் இல்லை என்பது தெரிந்தது. கிடைக்காதது, அறையின் கதவு. நாலரைக்கு மேசை தட்டப்படுவது நிற்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர், தனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்ட பிறகும் நிம்மதியாக இருக்கலாம். சாக்ரடீஸின் முறைக்கு உள்ள எல்லை அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேட்கப்படுகிறவருக்கு வெட்கம் வர வேண்டும். வராவிட்டால் கேள்வி அவரைத் தொடாது.

இரண்டாம் முடிவு: நான்கு படிகள்

இந்த முடிவை நான் எடுக்கவில்லை. மாணவிகளே கிங்கின் கடிதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எடுத்தார்கள். அநீதி இருக்கிறதா என்று தரவு சேர்ப்பது, பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்வது, நேரடி நடவடிக்கை என்று நான்கு படிகளை அவர் வரிசைப்படுத்துகிறார்.

தரவு சேர்த்தவள் மலையோர மாணவி. பேச்சிப்பாறைப் பக்கம் வீடு. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள். நாற்பத்திரண்டு மாணவிகளிடம் ஊர், ஏறும் பஸ், கடைசி பஸ், மார்த்தாண்டத்தில் மாறி ஏற வேண்டுமா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். முடிவு எங்களுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. பதினாறு பேருக்கு ஐந்தே முக்காலுக்குப் பிறகு நேரடி பஸ் கிடையாது. அவர்களில் அவளும் ஒருத்தி. மீதி இருபத்தாறு பேருக்கு ஏழு மணி வரை பஸ் இருந்தது. ஆகவே பெண்களுக்குப் பஸ் பிரச்சினை என்று அலுவலகம் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பதினாறு பேரின் ஊர்களிலிருந்து பையன்களும் வந்தார்கள், அதே பஸ்ஸில்தான் போனார்கள். அவர்களை யாரும் நாலரைக்கு எழுப்பவில்லை. சாதகமில்லாத எண்ணை மறைக்காமல் எழுதியிருந்தாள். பிற்பாடு அந்த நோட்டுக்கு மதிப்பு வந்ததே அதனால்தான்.

இரண்டாம் படி. நோட்டின் நகலை வைத்து எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். பார்க்கலாம் என்ற பதில் வந்தது. ஆகஸ்ட் முழுக்கப் பார்க்கலாம்தான். பர்மிங்காமிலும் இது நடந்தது. 1962 செப்டம்பரில் கடைக்காரர்கள் அவமானப்படுத்தும் நிறவெறிப் பலகைகளை எடுத்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். சில பலகைகள் இறங்கின, திரும்பவும் ஏறின. ‘காத்திரு’ என்ற சொல்லுக்கு ஏறக்குறைய எப்போதுமே ‘ஒருபோதும் இல்லை’ என்றுதான் பொருள் என்று கிங் எழுதுவது அந்தக் கசப்பில்தான். எங்கள் ஊர் ‘பார்க்கலாம்’ அதைவிட மரியாதையானது. பொருள் ஒன்றுதான்.

மூன்றாம் படியில்தான் கூட்டம் கலைந்தது. அடித்தால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா, சிறையைத் தாங்க முடியுமா என்று பர்மிங்காம் தொண்டர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். இங்கே அடியும் சிறையும் இல்லை. வீட்டுக்குப் போன் போனால்? வருகைப் பதிவில் கை வைத்தால்? ஸ்காலர்ஷிப் படிவத்தில் கையெழுத்துப் போட இழுத்தடித்தால்? பத்தொன்பது பேர் பேசத் தொடங்கி, முடிக்கும்போது ஏழு பேர் இருந்தார்கள். மலையோர மாணவி அந்த ஏழில் இல்லை. “எனக்க ஸ்காலர்ஷிப் போச்சுன்னா அடுத்த வருசம் நான் இல்ல சாரே” என்றாள். சரி என்றேன். ஆனால் மனதுக்குள் அவளைப் பயந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அது என் முதல் தவறு.

நேரடி நடவடிக்கை

செப்டம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு மேசை தட்டப்பட்டது. ஏழு பேர் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். முழக்கம் இல்லை, அட்டை இல்லை. மூன்று மாணவர்கள் மட்டும் பையை எடுத்துக்கொண்டு நாலரைக்கே வெளியேறினார்கள். எங்களுக்கும் அதே நேரம்தான் என்பது அவர்கள் கணக்கு.

அட்டெண்டர் அக்கா இரண்டு முறை, “எந்திரிங்க மக்கா, எனக்குத்தான் திட்டு விழும்” என்று சொன்னார். பிறகு ஃபேனையும் விளக்கையும் அணைத்தார். மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஆறு மணி வரை படித்தார்கள். புதனும் அப்படியே. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை காலை ஏழு பேருக்கும் மெமோ வந்தது.

அந்த வாரம் ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, நேரம் சரியில்லை. தரமதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரிந்துதான் செய்தார்கள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பேச்சு. பர்மிங்காமின் எட்டு வெள்ளை மதகுருமார்களும் இதையேதான் சொன்னார்கள்: கோரிக்கை புரிகிறது, ஆனால் இது நேரமல்ல. அவர்களுக்குப் பதிலாகத்தான் கிங் அந்தக் கடிதத்தையே எழுதினார். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். கிங் நேரத்தைக் கணக்குப் பார்த்தவர். ஈஸ்டர் வியாபார நாட்களைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார், பெரிய வெள்ளிக்கிழமையன்று கைதானார். எங்கள் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம், அன்று மதியம் லேப் இல்லை என்பதுதான்.

மன்னிப்பு என்ற சொல்

விசாரணை அரை மணி நேரம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. மாதிரி வாசகமும் கொடுத்தார்கள்: அறியாமல் செய்துவிட்டேன், இனிச் செய்யமாட்டேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘அப்பாலஜி’ என்ற தலைப்பைப் பார்த்து ஆண்டுதோறும் பாதி வகுப்பு, சாக்ரடீஸ் மன்னிப்புக் கேட்டார் என்று எழுதும். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எதிர்வாதம் என்றுதான் பொருள். குற்றச்சாட்டுக்கு எதிரே நின்று தன் பக்கத்தை எடுத்துரைப்பது. கி.மு. 399-ல், எழுபது வயதில், ஊர்க் கடவுளரை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுக்கிறார் என்ற வழக்கில், ஏறக்குறைய 500 பேர் கொண்ட நடுவர் மன்றத்தின் முன் அவர் பேசியதில் மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. குற்றவாளி என்று வாக்களித்த பிறகு, உனக்கு என்ன தண்டனை தரலாம் என்று நீயே சொல் என்பது ஏதென்ஸ் வழக்கம். நகரத்தின் விருந்து மண்டபத்தில் எனக்கு இலவசச் சாப்பாடு போடுங்கள் என்றார். கடைசியில் நண்பர்கள் பிணை நிற்க 30 மினா (அன்றைய கிரேக்கப் பண அளவு) அபராதம் என்று இறங்கிவந்தார். மரண தண்டனைக்கு வாக்கு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரையும் வரச்சொன்னேன். எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு தாள்தானே, யார் படிக்கப்போகிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டால் உங்களால் தாங்க முடியுமா, நான் சொல்லிக்கொடுத்து நீங்கள் மாட்டிக்கொண்டதாக ஊர் பேசும். இந்தக் கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது ‘கிரீட்டோ’. விடியுமுன் சிறைக்கு வந்து உட்கார்ந்து, காவலனைக் கவனித்துவிட்டேன், வா தப்பிக்கலாம், காப்பாற்றாமல் விட்டோம் என்று ஊர் எங்களைத்தான் ஏசும் என்று கெஞ்சும் அந்த நல்ல நண்பன். பல ஆண்டுகள் சாக்ரடீஸைப் பாடம் நடத்திவிட்டு, வேஷம் கட்ட வந்தபோது எனக்குக் கிடைத்தது கிரீட்டோ பாத்திரம். அது இரண்டாம் தவறு. அறிவுரை தவறு என்று சொல்லமாட்டேன். எழுதிக் கொடுத்த ஐந்து பேரின் வீட்டுக்கும் போன் போகவில்லை. அதில் இரண்டு பேருக்கு அது படிப்பே நின்றுபோகும் விஷயம். அந்த அறிவுரையை என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும் சேர்த்துச் சொன்னேன் என்பதுதான் தவறு.

ஐந்து பேர் எழுதினார்கள். ஆறாவது பெண், தன் வீட்டில் பேசிவிட்டு, இரண்டு நாள் கழித்து எழுதினாள். கடற்கரை மாணவி எழுதவில்லை. எழுதவே இல்லை என்பதும் சரியல்ல. மன்னிப்புக் கடிதத்துக்குப் பதில் விளக்கக் கடிதம் என்று தலைப்பிட்டு அரைப் பக்கம் கொடுத்தாள். மூன்று நாளும் உட்கார்ந்திருந்தேன், தெரிந்துதான் உட்கார்ந்தேன், தண்டனை கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன், அறியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய். கேன்டீனில் ஒரு மாதம் ஓசி டீ கேட்டு ஒரு வரி சேர்க்கட்டுமா சாரே என்று என்னிடம் காட்டும்போது கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த ஒரு அறிவுரையை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவளைக் கிங்கின் வழியில் போனவள் என்பதா, சாக்ரடீஸின் வழியில் போனவள் என்பதா? உட்கார்ந்தபோது ஏழு பேர், அது கிங். எழுதியபோது தனியாள், அது சாக்ரடீஸ். இரண்டு பேரும் சேரும் இடம் ஒன்றே ஒன்று: தண்டனையை ஏற்பேன், தவறு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். என் மாணவர்கள் அட்டவணையில் கோடு கிழித்த இடம் அதுவேதான்.

பின் நடந்தவை

ஒரு வார சஸ்பென்ஷன். அப்பாவை அழைத்துவரச் சொன்னார்கள். நீரோடிப் பக்கக் கடற்கரைக்காரர், மீன்பிடித் தொழில். மகளை அறைவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பெண்பிள்ளை இருட்டும் வரை இருந்தால் எப்படி என்று கேட்டார்கள். அவர் குரலை உயர்த்தாமல், “ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்கு இறங்குற ஊரு சாரே எங்களுக்கு. ஆறு மணியா இருட்டு?” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் நூலகக் குழு கூடியது. மலையோர மாணவியின் பஸ் நோட்டு, விண்ணப்பத்தோடு கோப்பில் இருந்தது. குழுவில் ஒருவர் அதை எடுத்துப் படித்தார். பதினாறு பேருக்கு ஐந்தே முக்காலுக்குப் பிறகு பஸ் இல்லை என்ற அந்தச் சாதகமில்லாத வரி அங்கேதான் வேலை செய்தது. வாசிப்பறை இனி எல்லோருக்கும் ஐந்தரை வரை என்று முடிவெடுத்தார்கள். மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் கூடியது, மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. அதுவரை ஆதரவாக இருந்த பையன்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாலரைக்கு வெளியேறிய அந்த மூன்று பேர் மட்டும், நாங்கள் ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டோம் என்று சிரித்தார்கள்.

நவம்பரில் நூலகச் சுவரில் பன்னிரண்டாவது வரி ஏறியது: வாசிப்பறை மாலை 5.30 மணி வரை, அனைவருக்கும். இந்த நிகழ்வில் கிடைத்தவற்றில் பெரியது அந்த வரிதான் என்று நான் கருதுகிறேன். எழுதப்பட்ட விதியிடம் நீ ஏன் என்று கேட்கலாம்.

சஸ்பென்ஷன் ரத்தாகவில்லை. அந்த வாரம் நடந்த இன்டர்னல் தேர்வில் அவளுக்குப் பூஜ்யம். விதியையே மாற்றிவிட்டார்களே, அப்புறம் தண்டனை எப்படி நிற்கும் என்று வகுப்பில் கேட்டார்கள். அவர்களுக்குப் பர்மிங்காம் வழக்கின் மிச்சக் கதையைச் சொன்னேன். ஊர்வலத்துக்குத் தடை போட்ட நீதிமன்ற உத்தரவை மீறியதற்கான தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் 5-க்கு 4 என்று உறுதி செய்தது. தடை தப்பாக இருந்தாலும் முதலில் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த 5 நாள் தண்டனைக்காக கிங் 1967 அக்டோபர் இறுதியில் திரும்பவும் சிறைக்குப் போனார். அந்த ஊர்வலங்களுக்கு அனுமதி மறுக்கப் பயன்பட்ட நகரச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணாகப் பயன்படுத்தப்பட்டது என்று அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது 1969-ல். அப்போது கிங் உயிரோடு இல்லை.

எங்கள் கணக்கில் வராத ஒருவர்

அட்டெண்டர் அக்கா தற்காலிக ஊழியர். முதல் நாளே ஏன் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நூலகத்திலிருந்து மாற்றி, வகுப்பறைகளைப் பெருக்கும் வேலைக்குப் போட்டார்கள். இரண்டு மாதம் அங்கே இருந்தார். எனக்கு இது தெரிந்தது டிசம்பரில்.

நாற்பத்திரண்டு பேரிடம் கேட்ட நோட்டில் அவர் இல்லை. ஏழு பேர் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்விகளில் அவர் இல்லை. மேசையைத் தட்டும் கை என்று நான் வகுப்பில் சொன்ன அழகான வாக்கியத்தில் மட்டும் இருந்தார். “எனக்குத்தான் திட்டு விழும்” என்று அவர் சொன்னதை ஏழு பேரும் காதில் வாங்கினார்கள், அது அவர் விலகிக்கொள்ளச் சொல்லும் சாக்கு என்று நினைத்தார்கள்.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாமல் போயிருக்கக் கூடாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பிப்பதற்கு முன், சந்தையிலும் தெருவிலும் சீலை கிழிக்கப்பட்டு நின்ற பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஆணையின் தேதி தெரிகிறது, அரசரின் பெயர் தெரிகிறது. விலை கொடுத்தவர்கள் பட்டியல் கிடையாது.

மாற்றியிருக்க வேண்டியவை

அசைன்மென்டை இப்போதும் கொடுக்கிறேன். ஒப்பிடுக என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரே கேள்வி: இந்த இருவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் யார் யார் விலை கொடுத்தார்கள்? சாக்ரடீஸுக்கு மூன்று மகன்கள் இருந்தார்கள், அதில் இருவர் சிறுவர்கள் என்பதை இப்போதுதான் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். பர்மிங்காமில் மே 2-ம் தேதியிலிருந்து தெருவில் இறக்கப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதையும், அவர்கள்மேல் நாயும் தண்ணீர்ப் பீரங்கியும் ஏவப்பட்டதையும், மே 10-ல் உடன்பாடு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். விடை ஒருபக்கமாக வருவதில்லை. மதிப்பெண் போடுவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

மலையோர மாணவி விஷயத்தில் நான் படித்ததையே மறந்திருந்தேன். பர்மிங்காம் தொண்டர்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அட்டையில், வன்முறையைத் தவிர்ப்பதற்கான பத்துக் கட்டளைகளுக்குக் கீழே இன்னொரு பகுதி உண்டு. ஊர்வலம் தவிர வேறு எப்படி உதவுவீர்கள் என்று கேட்டு, கார் ஓட்டுவது, சமைப்பது, தட்டச்சு, தொலைபேசி என்று பட்டியல் இருக்கும். உட்கார முடியாதவருக்கும் அந்த இயக்கத்தில் இடம் வைத்திருந்தார்கள். நான் அதை வகுப்பில் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. காட்டியிருந்தால், நோட்டு எழுதியவள் தன்னைப் பாதியில் விட்டுப்போனவளாக நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் என் கண்ணைப் பார்க்காமல் நடந்திருக்கமாட்டாள்.

எழுத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு கெடு குறித்திருக்க வேண்டும். ‘பார்க்கலாம்’ என்றதும், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு அதையும் எழுதி வாங்கியிருந்தால், உட்காரும் நிலை வந்திருக்குமா என்பது சந்தேகம். வந்திருந்தாலும், விசாரணையில் எங்கள் பக்கம் ஒரு காகிதம் கூடுதலாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய ஓர் இடத்துக்கு நான் போனது பருவமெல்லாம் முடிந்து, அக்கா நூலகத்துக்கே திரும்பி வந்த பிறகுதான். புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டோம் என்று ஏதோ சொன்னேன். துணியை உதறிவிட்டு, “அது போட்டும். இனி இது மாதிரி எதாவது செய்யணும்னா முந்தின நாளே ஒரு வார்த்த சொல்லிடுங்க சாரே. நான் லீவு போட்டுக்குவேன்” என்றார்.